வைக்கோலோடு போகும் சாம்பல்சத்து

தை பிறந்து சம்பா அறுவடை சூடுபிடித்ததும், தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் சாலையில் வைக்கோல் லாரிகளுக்கு ஒதுங்கி வழிவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும். அறுவடை இயந்திரம் நெல்லைக் கொட்டிவிட்டுப் போன ஓரிரு நாளில் வைக்கோல் கட்டும் இயந்திரம் வயலில் இறங்குகிறது. மாலைக்குள் உருளை உருளையாகக் கட்டிப் போட்டுவிடுகிறது. இரவோடு இரவாக லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். கேரளத்து மாட்டுத் தொழுவங்களுக்குப் போகிறது, நம்முடைய மேற்கு மாவட்டங்களுக்கும் போகிறது. ஏக்கருக்கு ஏதோ ஒரு தொகை கைக்கு வருகிறது, வயலும் சுத்தமாகிவிடுகிறது, அடுத்த உழவுக்குத் தடை இல்லை. இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் எங்கள் ஊரில் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். எனக்கு மட்டும் சில ஆண்டுகளாக அந்த லாரிகளைப் பார்த்தால் மனம் ஒப்புவதில்லை. ஏன் ஒப்பவில்லை என்பதை முழுதாகச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் பக்கத்தில் மண்வளம் என்று பேச்செடுத்தால் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவோம். உரம் போடாமல் நெல் விளையுமா என்று ஒரு தரப்பு. ரசாயன உரத்தால் மண் செத்துவிட்டது, நாட்டு மாட்டுச் சாணமும், சாணத்தையும் மூத்திரத்தையும் கரைத்துச் செய்யும் ஜீவாமிர்தமும்தான் வழி என்று இன்னொரு தரப்பு. இரண்டு தரப்பிலும் எனக்கு நெருங்கிய சொந்தங்கள் இருக்கிறார்கள். சித்தப்பா ஒரு பக்கம், அவர் மகனே மறுபக்கம். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட இந்த வாதம் நடந்திருக்கிறது. இரு தரப்பும் சொல்வதைப் பல ஆண்டுகள் கேட்டபிறகு எனக்குப் பிடிபட்டது இதுதான்: வயலுக்குள் எதைப் போடுவது என்பதைப் பற்றி மட்டுமே எல்லோரும் பேசுகிறோம். வயலிலிருந்து என்ன வெளியே போகிறது என்ற கணக்கை யாரும் எடுப்பதில்லை.

எங்கள் நிலத்தில் வாய்க்காலை ஒட்டி நான்கு மா அளவுள்ள வயல் ஒன்று இருக்கிறது (மூன்று மா ஓர் ஏக்கர்). களிமண், தண்ணீருக்குப் பஞ்சமில்லாத மடை. அப்பா காலத்தில் அது வீட்டின் நம்பிக்கை வயல். விதைநெல்லுக்கு அதிலிருந்துதான் எடுத்து வைப்பார்கள். அந்த வயலில்தான் சில ஆண்டுகளாகப் பயிர் ஒரு மாதிரியாக இருந்தது. தூர் கட்டும், பச்சை பிடிக்கும், பார்த்தால் குறை தெரியாது. கதிர் வரும் நேரத்தில் அடி இலைகளின் நுனியும் ஓரமும் மஞ்சளாகிப் பழுப்பாகக் காயும். செம்புள்ளி நோய் மற்ற வயல்களைவிட அங்கே முந்திக்கொள்ளும். ஐப்பசி கார்த்திகை மழையில் அக்கம்பக்கத்துப் பயிர் நிற்கும்போது இது சாயும். தூற்றினால் மணி பிடிக்காத கருக்காய் அதிகம். வெளுப்பைக் கண்டால் யூரியா, நோயைக் கண்டால் மருந்து, பிறகு கடையில் புதிதாக வந்திருக்கும் ஏதோ ஒரு குருணை என்று அண்ணன் செலவு செய்துகொண்டே இருந்தார். யூரியா போட்டதும் இலை கரும்பச்சையாகும், அதோடு இலைச்சுருட்டுப் புழுவும் வந்து சேரும். சாய்வது மட்டும் நிற்கவில்லை.

அட்டையின் பின்பக்கம்

2015 பிப்ரவரியில் மண்வள அட்டைத் திட்டம் வந்தபிறகு எங்கள் ஊரிலும் மண் எடுத்தார்கள். அந்த அட்டையில் 12 இனங்கள் இருக்கும்: கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம், தழை, மணி, சாம்பல் சத்துகள் (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம்), கந்தகம், பிறகு துத்தநாகம் முதலான நுண்சத்துகள். எங்கள் வீட்டில் அதை ரேஷன் அட்டையோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். பெரும்பாலான வீடுகளில் அதற்கு அந்த இடம்தான். அட்டையில் எண் இருக்கிறது, பக்கத்தில் குறைவு, மத்திமம், அதிகம் என்று ஒரு சொல் இருக்கிறது. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு விவசாயி என்ன செய்வது என்பதை உட்கார்ந்து பேச யாரும் வரவில்லை.

பேச ஆள் கிடைத்தது தற்செயலாகத்தான். வேளாண்மைத் துறையில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் உறவுக்காரர் வீட்டுக்கு வந்திருந்தார். அப்பாவுக்குப் பழக்கமானவர். வயலைப் பார்க்கிறேன் என்று அவரே கேட்டார். வரப்பில் நடந்து வந்தார், ஒரு தூரைப் பிடுங்கி வேரைப் பார்த்தார், அடி இலையைக் கிழித்து நுனியைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்ததும் அண்ணன் தான் போட்ட உரங்களை வரிசையாகச் சொல்லத் தொடங்கினார். அடியுரம் இவ்வளவு, மேலுரம் இத்தனை தடவை, தெளிப்பு இன்னின்னது. அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"வைக்கோல் எங்கே போகிறது தம்பி?"

அண்ணன் லாரியைச் சொன்னார். எத்தனை ஆண்டாக என்றார் அவர். வீட்டில் மாடு விற்றதிலிருந்து என்றார் அப்பா. அவர் மண்வள அட்டையைக் கேட்டு வாங்கி, அதன் பின்பக்கத்து வெற்றிடத்தில் பேனாவால் எழுத ஆரம்பித்தார். அந்தக் கணக்கை இன்றைக்கும் என்னால் மனப்பாடமாகச் சொல்ல முடியும். ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையாக 40 மூட்டை நெல் என்றால் 2.4 டன். அதற்கு ஏறக்குறைய அதே எடை வைக்கோல். நெல் மணியில் சாம்பல்சத்து மிகக் குறைவு, 100 கிலோவுக்கு 300 கிராம் அளவில்தான் இருக்கும். வைக்கோலிலோ 100 கிலோவுக்கு ஒன்றரை கிலோவை நெருங்கும். ஆக ஓர் ஏக்கர் நெல் விற்றால் ஏழு கிலோ சாம்பல்சத்து வெளியே போகிறது. வைக்கோல் முழுவதும் போனால் அதோடு இன்னும் 34 கிலோ. அறுவடை இயந்திரம் தாளை உயரமாக விட்டுவிடுவதால் பாதி வைக்கோல்தான் கட்டுக்கு வருகிறது என்று வைத்துக்கொண்டாலும் 17 கிலோ. நெல்லும் வைக்கோலும் சேர்ந்து ஒரு போகத்துக்கு 24 கிலோ. அண்ணன் போடும் சாம்பல்சத்து உரமான பொட்டாஷ் ஏக்கருக்கு அரை மூட்டை, அதாவது 25 கிலோ. அதில் இருக்கும் சாம்பல்சத்தைத் தனிமமாகக் கணக்கிட்டால் 12 கிலோ சொச்சம். மிச்சம் 12 கிலோவை ஒவ்வொரு போகமும் மண் தன் கையிருப்பிலிருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறது.

"தழைச்சத்தும் மணிச்சத்தும் பெரும்பாலும் நெல்லோடு போகும். சாம்பல்சத்து வைக்கோலோடு போகும். நெல்லை விற்பதற்கு யாரும் ஒன்றும் சொல்ல முடியாது, அதற்காகத்தான் விவசாயம். வைக்கோலையும் விற்றால் அதற்கு ஈடு வைத்துவிட்டு விற்க வேண்டும்" என்றார். அப்பா அதுவரை ஒன்றும் பேசாமல் இருந்தவர், "அட்டையில் மத்திமம் என்றுதானே போட்டிருக்கிறார்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அவர் சொன்ன பதில்தான் எனக்குள் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. களிமண்ணில் சாம்பல்சத்து மொத்தமாகப் பார்த்தால் டன் கணக்கில் இருக்கும். பயிர் உடனே எடுக்கக்கூடிய நிலையில் இருப்பது ஏக்கருக்கு நூறு கிலோ அளவில்தான். பரிசோதனை அந்த நூறைத்தான் அளக்கிறது. அதிலிருந்து பயிர் எடுக்க எடுக்க, களியின் அடுக்குகளுக்குள் இருப்பது மெல்ல வெளியே வந்து அந்த இடத்தை நிரப்புகிறது. அதனால் அட்டை பல ஆண்டுகளுக்கு மத்திமம் என்றே காட்டும். எக்டேருக்கு 118 கிலோவுக்குக் கீழ் போனால் குறைவு, 280க்கு மேல் அதிகம், நடுவில் எல்லாம் மத்திமம். 270இல் இருப்பதும் மத்திமம்தான், 125இல் இருப்பதும் மத்திமம்தான். அடுக்குகளிலிருந்து வெளிவரும் வேகம் குறைந்து, கதிர் வரும் காலத்தின் தேவைக்கு அது போதாமல் போகும்போது பயிர்தான் முதலில் சொல்லும். அட்டை பிறகுதான் சொல்லும்.

அவர் போனபிறகு பழைய அட்டையையும் புதிய அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டிலும் மத்திமம். எண் மட்டும் இறங்கியிருந்தது.

மாடு இருந்த காலம்

அந்தக் காலத்தில் யாரும் பொட்டாஷ் மூட்டை வாங்கவில்லையே, அப்போது எப்படி விளைந்தது என்று ஊரில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வைக்கோல் அப்போதும் வயலை விட்டு வெளியேதான் போனது. ஆனால் அது வீட்டுக் கொல்லையில் போராக நின்றது, மாட்டுக்குத் தீனியாயிற்று, சாணமாகக் குப்பைமேட்டுக்குப் போய், கோடையில் வண்டிகட்டி வயலுக்கே திரும்பியது. மாடு தின்ற சாம்பல்சத்தில் பெரும்பங்கு மூத்திரத்தில்தான் வெளியேறும். அதையும் விடாமல் பிடிக்கத் தொழுவத்தில் மண்ணைப் பரப்பி, ஊறிய மண்ணை வாரிக் குப்பையில் சேர்க்கும் வீடுகள் இருந்தன. அப்பாவின் பாட்டி அதில் மிகவும் கண்டிப்பாக இருப்பார் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். நெல் மட்டும் வெளியே போனது, மற்றதெல்லாம் ஊருக்குள்ளேயே சுற்றியது. இதோடு காவிரி புதுவெள்ளத்தில் வண்டல் வரும். 1934இல் மேட்டூர் அணை வந்தபிறகு வண்டலில் பெரும்பகுதி அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அணையால் வந்த பாசனத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. வரவில் ஓர் இனம் அப்போது குறைந்தது என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஆட்டுக்கிடை இன்னொன்று. அறுவடை முடிந்த கோடையில் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு எங்கள் பக்கம் வருவார்கள், இன்றைக்கும் வருகிறார்கள். பகலெல்லாம் தரிசிலும் ஆற்றங்கரையிலும் மேய்ந்த ஆடுகளை இரவில் ஒருவர் வயலில் அடைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் நேராக மண்ணில் விழும். சுமக்க வேண்டாம், வீணாகவும் ஆகாது. இதை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும். யாருக்கும் சொந்தமில்லாத புறம்போக்கிலும் கரையிலும் சிதறிக் கிடக்கும் சத்தைத் திரட்டிக்கொண்டுவந்து ஒரு வயலில் இறக்கும் வேலையை அந்த ஆடுகள் செய்கின்றன. ஆனால் மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது. கோடைப் பருத்தி போட்ட ஊர்களில் ஆடு இறங்க இடமில்லை. கிடைக்கு முன்பணம் கொடுத்தாலும் எல்லோருக்கும் முறை வருவதில்லை. பழைய முறைக்குத் திரும்பினால் போதும் என்று சொல்கிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: அந்த முறையைத் தாங்கிய மாடும் மேய்ச்சலும் ஊரில் இல்லை. இருப்பதை வைத்துத்தான் கணக்கை நேர் செய்ய வேண்டும்.

யூரியா மலிவாக இருக்கும்வரை

உரம் போடுகிற தரப்பிடம் எனக்குள்ள வருத்தம், அவர்கள் உரம் போடுவதல்ல. ஒன்றை மட்டும் போடுவது. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. 50 கிலோ பொட்டாஷ் மூட்டை 2022இல் 1,700 ரூபாய் வரை போயிற்று. நம் நாட்டுக்குத் தேவையான பொட்டாஷில் ஏறக்குறைய முழுவதும் கனடா, ரஷ்யா, பெலாரஸ் போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருவது. அங்கே போரோ தடையோ வந்தால் இங்கே மூட்டை விலை ஏறும். 2010 ஏப்ரலில் சத்து அடிப்படையிலான மானியத் திட்டம் வந்தபோது மணிச்சத்தும் சாம்பல்சத்தும் அதற்குள் போயின, யூரியா மட்டும் வெளியே நின்றது. மற்றவை சந்தையோடு ஏறின, யூரியா அதே விலையில் நின்றது. கையில் குறைந்த பணம் உள்ளவர் எதை வாங்குவார்? விவசாயியின் அறியாமை என்று இதைச் சொல்கிறவர்களை என்னால் ஏற்க முடியாது. விலைப்பட்டியலைப் பார்த்து நியாயமாக முடிவெடுக்கிறவர் யூரியாவைத்தான் எடுப்பார்.

அப்படி எடுத்த யூரியாவிலும் பயிருக்குச் சேர்வது நெல்வயலில் பெரும்பாலும் பாதிக்கும் குறைவு. தேங்கிய தண்ணீரில் வீசும்போது வெயில் ஏற ஏறப் பாசியின் வேலையால் நீரின் காரத்தன்மை கூடி, தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடுகிறது. நண்பகலில் மேலுரம் போட்ட வயலின் வரப்பில் நின்றவர்களுக்கு அந்த நெடி தெரியும். தண்ணீரை வடித்துவிட்டுப் போடுவது, ஐந்து பங்கு யூரியாவுக்கு ஒரு பங்கு வேப்பம்புண்ணாக்கு கலந்து இரவு வைத்திருந்து போடுவது, தேதி பார்த்துப் போடாமல் இலை வண்ண அட்டையைப் பார்த்துப் போடுவது என்று வழிகள் இல்லாமல் இல்லை. அந்த வண்ண அட்டை எனக்கு மிகவும் பிடித்த கருவி. கையடக்கமான பிளாஸ்டிக் பட்டை, வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை கட்டங்கள். காலையில் உடலின் நிழல் இலைமேல் விழும்படி நின்று ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்ற கட்டத்துக்குக் கீழே நிறம் இறங்கினால் மட்டும் யூரியா. அண்ணன் இதற்கு மாறியபிறகு மேலுரச் செலவு குறைந்தது, புழுவும் குறைந்தது.

கோவை வேளாண் கல்லூரியில் 1909இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல்கள் நூறாண்டைக் கடந்தவை. எந்தப் பாத்திக்கு எது என்று அன்றைக்கு முடிவு செய்தார்களோ அதையே தலைமுறை தலைமுறையாகப் போட்டு வருகிறார்கள். 1970களிலிருந்து நாட்டின் பல இடங்களில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் இதே போன்ற நீண்டகாலச் சோதனைகளை நடத்துகிறது. அவற்றில் தழைச்சத்து மட்டும் போட்ட பாத்திகளில் காலப்போக்கில் விளைச்சல் விழுந்தது. மூன்று சத்தும் தொழுவுரமும் சேர்ந்த பாத்திகள்தான் நின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று: பரிந்துரைத்த அளவு உரம் போட்ட பாத்திகளில்கூடப் பல இடங்களில் சாம்பல்சத்தின் வரவைவிடச் செலவு அதிகமாக இருந்தது. வைக்கோலும் தாளும் வெளியே போகும்போது பரிந்துரையும் போதாது என்று அர்த்தம்.

இயற்கை விவசாயம் செய்கிற நண்பர்களிடமும் இதே கணக்கைத்தான் வைக்கிறேன். இயற்கை விவசாயத்தை ஊர் ஊராகப் பேசிய நம்மாழ்வார் தஞ்சை மாவட்டத்து இளங்காட்டில் பிறந்தவர், எங்கள் மண்ணின் மனிதர். அவர் பேசியிருக்காவிட்டால் எங்கள் ஊர் இளைஞர்களில் பாதிப்பேர் மண்ணைக் குனிந்தே பார்த்திருக்க மாட்டார்கள். அந்த மரியாதையோடுதான் சொல்கிறேன். ஓர் ஏக்கருக்கான ஜீவாமிர்தத்தில் 10 கிலோ சாணம், 10 லிட்டர் மூத்திரம், 2 கிலோ பயறு மாவு, 2 கிலோ வெல்லம். இவற்றில் இருக்கும் தழைச்சத்தை எல்லாம் கூட்டினாலும் கால் கிலோவைத் தாண்டுவது கடினம். 40 மூட்டை நெல் விளையும் பயிர் மண்ணிலிருந்து எடுப்பது 40 கிலோ தழைச்சத்து. ஜீவாமிர்தம் நுண்ணுயிரைத் தூண்டலாம், இருக்கும் சத்தை எடுத்துக்கொடுக்கலாம். இல்லாத சத்தைக் கொண்டுவர அதனால் முடியாது. மண்ணில் மட்கு நிறைய இருந்தால் சில ஆண்டுகள் நன்றாகவே வரும், பிறகு விளைச்சல் இறங்கும். அந்த இடத்தில்தான் பலர் மனம் உடைந்து முழுதாக யூரியாவுக்குத் திரும்பிவிடுகிறார்கள். மடக்கி உழும் பசுந்தாள் பயிர்களான தக்கைப்பூண்டு, கொழிஞ்சி, பிறகு பயறு, கிடை, தொழுவுரம் என்று எடையுள்ள வரவை வைத்திருக்கும் இயற்கை விவசாயிகள் நிற்கிறார்கள். அவர்களை எங்கள் பகுதியிலேயே பார்க்கிறேன்.

வரவு இல்லாமல் ஒரேயடியாக உரத்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை இலங்கையில் பார்த்தோம். 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதியை அந்த அரசு தடை செய்தது. நாடு முழுவதற்கும் ஈடுகொடுக்கும் அளவுக்குத் தொழுவுரமோ தழையுரமோ எங்கும் இல்லை. நவம்பரில் தடையை விலக்கும்போது பெரும்போக விதைப்பே நடந்துகொண்டிருந்தது. கிளிநொச்சியிலும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நெல் போட்ட நம் மக்கள் அந்தப் போகத்தில் பட்ட பாடு கொஞ்சமல்ல. மண்ணின் மேல் அக்கறை என்ற பெயரில் விவசாயியின் ஓர் ஆண்டு வருமானத்தை எடுத்துவிட யாருக்கும் உரிமை இல்லை.

வைக்கோலை விடுவது

சரி, வைக்கோலை வயலிலேயே விட்டால் போயிற்றே என்றால் அதுவும் அவ்வளவு எளிதல்ல. வைக்கோலில் கரிமம் மிகுதி, தழைச்சத்து குறைவு. அதை மட்கச்செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தை முதலில் தாங்கள் எடுத்துக்கொள்ளும். நடவுக்குச் சற்று முன்பு மடக்கி உழுது தண்ணீர் கட்டினால் பயிர் வெளுக்கும், சேற்றுக்குள் அழுகி வேரைக் கெடுக்கும், மீத்தேனும் கூடுதலாக வெளியேறும். எங்கள் ஊரில் ஒருவர் அப்படிச் செய்து நட்ட பயிர் பிடிக்காமல் போனதும், வைக்கோலை உழுதால் வயல் கெடும் என்ற பேச்சு பரவிவிட்டது. காலம்தான் இதில் முக்கியம். அறுவடை முடிந்த ஈரத்திலோ முதல் கோடை மழையிலோ ரோட்டவேட்டர் விட்டு மண்ணோடு கலந்துவிட்டால், மேட்டூர் திறந்து தண்ணீர் வரும் ஜூன் மாதத்துக்குள் பெரும்பகுதி மட்கிவிடும். தண்ணீர் கட்டாத, காற்றோட்டமான மண்ணில் மட்குவதால் மீத்தேனும் குறைவு. எரித்தால் சாம்பல்சத்தில் பெரும்பகுதி சாம்பலில் தங்கும் என்பது உண்மை. ஆனால் தழைச்சத்தும் கரிமமும் புகையாகப் போய்விடும், அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் நம் பிள்ளைகள்.

அந்தப் பெரியவர் சொன்ன இன்னொரு செய்தி எனக்குப் புதிதாக இருந்தது. வைக்கோலில் உள்ள சாம்பல்சத்து நாருக்குள் பிணைந்திருப்பதில்லை. பெரும்பகுதி நீரில் கரையும் நிலையிலேயே இருக்கிறது. பரப்பிய வைக்கோல்மேல் ஒரு நல்ல மழை பெய்தால் அதில் கணிசமான பங்கு மண்ணுக்கு இறங்கிவிடும். மட்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை. அறுத்த கையோடு கட்டித் தூக்குவதில் எவ்வளவு போகிறது என்பது இதிலிருந்தே தெரிகிறது.

உளுந்து விஷயத்தில் எனக்கு மனக்குறை அதிகம். சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு நெற்பயிருக்குள்ளேயே ஆடுதுறை 3 போன்ற உளுந்தைத் தெளித்துவிடுவது இந்த மண்ணின் வழக்கம். மிச்ச ஈரத்திலும் பனியிலும் அது வளரும், வீட்டுக்குப் பருப்பும் கைச்செலவுக்குக் காசும் தரும், மண்ணுக்குத் தழையும் வேரும் விட்டுப்போகும். அறுவடை இயந்திரத்தின் சங்கிலிச் சக்கரம் முளைவிட்ட உளுந்தை மிதித்து நசுக்குகிறது. அதன்பின் வைக்கோல் கட்டும் இயந்திரம் ஒருமுறை ஓடுகிறது. ஆள்வைத்து அறுக்கக் கூலிக்கு ஆள் இல்லை. அதனால் பல ஊர்களில் தெளிப்பு உளுந்தே நின்றுவிட்டது. நாங்கள் இப்போது அறுவடைக்குப்பிறகு ஈரம் பார்த்து விதைக்கும் முறைக்கு மாறியிருக்கிறோம். முன்புபோல் முளைப்பு இல்லை, ஒரு தண்ணீர் கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஆனாலும் விடுவதாக இல்லை.

எங்கள் நிலத்தில் ஒரு பகுதியைப் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் குத்தகைக்குச் செய்கிறார். வாய்மொழிக் குத்தகைதான். 1955ஆம் ஆண்டுச் சாகுபடிதாரர் பாதுகாப்புச் சட்டம் குத்தகைதாரரைக் காப்பதற்காக வந்தது. பதிவு செய்தால் நிலம் திரும்பாதோ என்ற பயத்தில் உடைமையாளர்கள் எழுத்தே போடாமல் ஆண்டுக்காண்டு பேசிக்கொள்ளும் வழக்கமும் இங்கே இருக்கிறது. அடுத்த ஆண்டு இந்த வயல் தன்னிடம் இருக்குமா என்று தெரியாத ஒருவர் எதற்காகத் தக்கைப்பூண்டு விதைப்பார்? எதற்காகப் பொட்டாஷ் போட்டுக் களியின் அடுக்கை நிரப்புவார்? வைக்கோலை விற்றால் வரும் பணம் அவருக்கு இந்த மாதத்துச் செலவு. மண்வளம் பற்றி எத்தனை முகாம் நடத்தினாலும், நிலம் யாருடையது, சாகுபடி யாருடையது என்ற கேள்வியைத் தொடாமல் போனால் பாதி டெல்டாவை விட்டுவிட்டுப் பேசுவதாகத்தான் ஆகும்.

சென்ற கோடையில் அப்பா எங்கள் குத்தகைக்காரரை வீட்டுக்கு அழைத்துப் பேசினார். மூன்று ஆண்டுக்கு வயலை மாற்றுவதில்லை. வைக்கோலில் பாதி அவர் மாட்டுக்கு, மீதி வயலிலேயே உழ வேண்டும், வெளியே விற்பதாக இருந்தால் ஏக்கருக்கு அரை மூட்டை பொட்டாஷ் கூடுதலாகப் போட்டுவிட்டு விற்கலாம். தக்கைப்பூண்டு விதை எங்கள் செலவு, பொட்டாஷில் பாதி எங்கள் செலவு, அதற்காகக் குத்தகை நெல்லைக் கூட்டுவதில்லை. மாநில அரசின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் திட்டத்தில் பசுந்தாள் உர விதை கிடைத்தால் அதை வாங்கிக்கொள்வது, கிடைக்காவிட்டால் நாங்கள் வாங்கித் தருவது.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான்காவது வருடம் வயலை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டால், நான் சேர்த்து வைத்த சத்துக்கு என்ன கணக்கு ஐயா?" என்று கேட்டார். அப்பா சற்று நேரம் யோசித்தார். அதுவரை இந்தக் கேள்வியை எங்களில் ஒருவரும் யோசித்திருக்கவில்லை. கடைசியில், விடும்போது மண் பரிசோதனை செய்து, இப்போதிருக்கும் எண்ணைவிடக் கூடியிருந்தால் அந்த வித்தியாசத்தை மூட்டை விலையில் கொடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. கொடுக்கும் நாளின் விலையா, இன்றைய விலையா என்பதை மட்டும் இன்னும் பேசி முடிக்கவில்லை. அவர் கொடுக்கும் நாளின் விலை வேண்டும் என்கிறார். அது அவருக்குச் சேர வேண்டியதுதான் என்று நான் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.